கடையைச் சாத்தும் நேரம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் சளி, காய்ச்சல், சர்க்கரை பற்றியவை குறைவு. பெரும்பாலானவை உறக்கமில்லை, ஓய்வில்லை, மனம் ஓரிடத்தில் நிற்பதில்லை என்றே தொடங்கின. அவற்றுள் நான்கை எடுத்துக்கொண்டேன். எழுதியவர் யாரென்று அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்துவிடாதபடி பெயரையும் தெருவையும் நீக்கியிருக்கிறேன். ஒருவரையொருவர் நன்கறிந்த நம் யாங்கோன் தமிழர்களுக்கு நடுவே அந்த எச்சரிக்கை வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 46. யாங்கோன் நகரின் நடுவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்குத் திறந்தால் இரவு ஒன்பது மணிக்குத்தான் சாத்துவேன். ஞாயிறு என்றும் பௌர்ணமி என்றும் விடுமுறை கிடையாது. சாத்திய பிறகும் விலை கேட்டு வைபரில் செய்தி வந்துகொண்டே இருக்கும். மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாததால், நடுராத்திரி ஒரு மணிக்கு வந்தாலும் எழுந்துபோய்த் தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டும். இரண்டு ஆண்டுகளாகத் தலைவலி. காலையில் எழும்போதே இருக்கிறது. ஏறக்குறைய நாள்தோறும் மாத்திரை போடுகிறேன். பத்து நாள் தியானத்துக்குப் போய்வாருங்கள் என்று மனைவி சொல்கிறாள். போனால் தலைவலி தீருமா? கடையைப் பத்து நாள் யாரிடம் விட்டுப் போவது? வியாபாரிக்கு நிலையான நிம்மதி என்று ஒன்று உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தில் நிம்மதியைப் பற்றி இரண்டு பக்கமும், மாத்திரையைப் பற்றி ஒரே ஒரு வரியும் இருந்தன. இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். நான் அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன். சாதாரண வலிநிவாரணி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்து விழுங்கி வந்தால், வலியைப் போக்க வந்த அந்த மாத்திரையே வலியை உண்டாக்கத் தொடங்கிவிடும். பல மருந்துகளைச் சேர்த்துச் செய்த கலவை மாத்திரையாக இருந்தால் 10 நாளே போதும். காலையில் எழும்போதே வலி, மாத்திரை போட்டதும் சற்று அடங்கி மாலையில் மீண்டும் வலி என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த வகைத் தலைவலிக்குப் பெரிதும் பொருந்துகிறது. மருத்துவர் ஒருவரிடம் மாத்திரை அட்டையையே எடுத்துச்சென்று காட்டி, அவர் மேற்பார்வையில் நிறுத்துங்கள். நிறுத்திய முதல் சில நாள்கள் வலி கூடத்தான் செய்யும். அதற்குப் பயந்து மறுபடியும் தொடங்கிவிடுபவர்களே அதிகம். அப்போதே இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று இதுவரை கண்டிராத கடுமையோடு தலை வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, ஒரு கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கடை திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம், வாரத்தில் ஏழு நாள்: 98 மணி நேரம். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்வோரைவிட 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்வோருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என்று கணக்கிட்டிருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பதெல்லாம் ஒரு வேலையா என்று நீங்கள் கேட்கக்கூடும். அடுத்து யார் வருவார், எந்தச் சரக்கின் விலை ஏறியிருக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உடம்பு ஓய்வெடுப்பதில்லை. கை சும்மா இருந்தாலும் நாடி சும்மா இருப்பதில்லை.

இனி உங்கள் மனைவி சொன்னதற்கு வருகிறேன். தலைவலிக்காகத் தியானம் செய்யப் போனவர்களில் உலகம் முழுவதும் அறிந்த ஒருவர் நம் ஊர்க்காரர். மாண்டலேயில் 1924இல் பிறந்த எஸ். என். கோயங்கா இளம் வயதிலேயே பெரிய தொழிலதிபர். அவருக்கு வந்த ஒற்றைத் தலைவலி எந்த மருந்துக்கும் அடங்காமல், கடைசியில் மார்ஃபீன் ஊசி போடும் நிலைக்கு வந்துவிட்டது. அந்த ஊசிக்கே அடிமையாகிவிடுவோமோ என்ற அச்சத்தில் அவர் 1955இல் தியான ஆசிரியர் சயாஜி ஊ பா கின்னிடம் போனார். தலைவலியைத் தீர்த்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் சொன்னபோது, அப்படியானால் உங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று ஊ பா கின் மறுத்துவிட்டார். மனத்தைத் தூய்மை செய்துகொள்ள வருவதானால் வரலாம், தலைவலி போவது அதன் பக்க விளைவாக நடந்தால் நடக்கட்டும் என்பது அவர் நிலை. கோயங்கா அதை ஏற்றுக்கொண்டு பின்னர் பயிற்சி பெற்றதும், 1969இல் இந்தியாவுக்குப் போய்க் கற்பிக்கத் தொடங்கியதும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மறுப்பில் ஒரு நல்ல மருத்துவரின் நேர்மை இருப்பதாக நான் நினைக்கிறேன். போனால் தலைவலி தீருமா என்று நீங்கள் கேட்டதற்கு, நான் சொல்லக்கூடிய பதிலும் அதற்கு மேல் இல்லை.

ஆனால் உங்களுக்குக் கோயங்காவைக் காட்டிலும் அவருடைய ஆசிரியரே பொருத்தமான எடுத்துக்காட்டு. ஊ பா கின் துறவியல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்த அரசு ஊழியர். 1937இல் ஆற்றுக்கு அக்கரையில் டலாவைச் சேர்ந்த சிற்றூரில் இருந்த சயா தெட்ஜி என்னும் விவசாயியிடம் தியானம் கற்றார். நாடு விடுதலை பெற்ற 1948 ஜனவரி 4 அன்று பர்மாவின் தலைமைக் கணக்காயர் ஆனார். ஒரு காலத்தில் மூன்று துறைகளுக்கும், மற்றொரு காலத்தில் நான்கு துறைகளுக்கும் ஒரே நேரத்தில் தலைவராக இருந்தார். அந்த அலுவலகத்திலேயே ஓர் அறையைத் தியானத்துக்கென்று ஒதுக்கி, தம் ஊழியர்களுக்குக் கற்பித்தார். 1952இல் இன்யா மியாங் சாலையில் தியான மையத்தை நிறுவிய பிறகும் அரசுப் பணியை விடவில்லை. நாட்டின் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் வியக்கலாம். அது கிடைத்த நேரம் அன்று. கோப்பு குவிந்திருந்தாலும் எடுத்து வைத்த நேரம்.

என் தாத்தா, மோகல் தெரு என்று அன்று பெயர் பெற்றிருந்த தெருவில், ஒரு செட்டியார் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் அந்தியில் நாள்வழியில் வரவு செலவை எழுதி, இருப்புக் கட்டி, கோடு ஒன்று போடுவார். கோடு போட்ட பிறகு யார் வந்து நின்றாலும், பணமே கொண்டுவந்து நீட்டினாலும், "நாளைப் பேரில் எழுதிக்கொள்ளலாம்" என்பதுதான் பதில். வியாபாரம் தெரியாதவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. உங்களுடைய நாளுக்கு அந்தக் கோடு இல்லை. ஒன்பது மணிக்குக் கதவை இறக்குகிறீர்கள்; சட்டைப்பையில் இன்னொரு கடை திறந்தபடியே வீட்டுக்கு வருகிறது. எனவே என் பரிந்துரை பெரியதாக இராது. முதல் மாதம் இரவு எட்டு மணிக்குச் சாத்துங்கள். விலை கேட்டு வரும் செய்திகளுக்குக் காலை ஏழு மணிக்குப் பிறகே பதில் வரும் என்று எல்லாருக்கும் ஒருமுறை எழுதிவிட்டு, கைபேசியைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுங்கள். ஆணி வேண்டுபவர் இரவு பத்தரை மணிக்குக் கேட்பார். அவருக்கு அந்த ஆணி காலையில்தான் வேண்டியிருக்கும்.

தண்ணீர் மோட்டார் விஷயம் எனக்குச் சற்றுச் சிரிப்பை வரவழைத்தது, மன்னியுங்கள். மின்சாரம் வந்ததும் தானே ஓடி, தொட்டி நிறைந்ததும் தானே நிற்கும்படி மிதவை சுவிட்ச் ஒன்று பொருத்தினால் நீங்கள் நடுராத்திரி எழ வேண்டியதில்லை. அது உங்கள் கடையிலேயே ஏதாவதொரு தட்டில் இருக்கும். மின்வேலை தெரிந்தவரை அழைத்து இந்த வாரமே மாட்டிவிடுங்கள். ஒரு மணிக்கு எழுந்தவர் இரண்டு மணிக்குத்தான் மறுபடி உறங்குகிறார். நன்கு வளர்ந்த ஒருவருக்கு ஏழு மணி நேர உறக்கமாவது வேண்டும் என்னும்போது, இரண்டு ஆண்டுகளில் நீங்கள் எவ்வளவு கடன் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.

பத்து நாள் பயிற்சிக்கு இப்போதே ஓடவேண்டாம். மாத்திரை நின்று, இரத்த அழுத்தம் தெரிந்து, எட்டு மணிக்குச் சாத்துவது பழகிய பிறகு போங்கள். அதற்குள் மாதம் ஒருமுறை பௌர்ணமி அன்று கடையைத் தம்பியிடமோ மனைவியிடமோ விட்டுப் பழகுங்கள். பக்கத்துக் கடைப் பர்மியர் அன்று சீலம் என்னும் பௌத்த நோன்பு எடுத்துக்கொண்டு ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போகும்போது, நீங்கள் பிள்ளைகளோடு காண்டோஜி ஏரிக்கரைக்குப் போகலாம். ஒரு நாள் விட்டுப் பார்க்காதவரால் பத்து நாள் விட முடியாது. அந்தப் பயிற்சியில் பத்து நாளும் பேச்சில்லை, கைபேசியில்லை. கட்டணமும் இல்லை, முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. கடும் மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரைக் கேளாமல் போகக் கூடாது.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, நான் லைங் தாயாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் மாமியாருக்கு நீரிழிவு. ஊசி, சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். இதற்கு நடுவில் அலுவலகத்தில் யார் வேலையைத் தள்ளினாலும், உறவில் யார் விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் மறுக்க வாய் வருவதில்லை. ஒரு நாளும் எனக்கென்று இல்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பை விட்டுவிடு, ஓய்வு கிடைக்கும் என்கிறார் கணவர். விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள், அம்மா. உங்கள் கடிதத்தில் ஒரே இடத்தில்தான் எழுத்து பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கிறது. "ழ" எழுதக் கற்றுக்கொண்ட சிறுவன் அதைப் பலகை முழுவதும் எழுதி வைத்ததை விவரிக்கும் இடம் அது. வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் உங்களுக்குத் திரும்ப ஏதோ தருகிறது. களைத்துப்போனவர்கள் சுமையைக் குறைக்கும்போது, தட்டிக் கேட்க ஆளில்லாத சுமையையே முதலில் இறக்குவார்கள். அது பெரும்பாலும் அவர்களுக்குப் பிடித்தமானதாக இருந்துவிடுகிறது.

இறக்க வேண்டியது வேறு. பர்மிய மொழியில் "ஆநாதெ" என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். "ஆ" என்றால் வலிமை, "நா" என்றால் நோவு. பிறர் மனம் நோகுமே என்று நம் வலிமையை நோகவிடுவது. நம் தமிழில் முகத்தாட்சண்யம். இரண்டு மொழியும் சேர்ந்து வளர்த்த பெண் நீங்கள். உங்களுக்கு இரண்டு பங்கு. இது நல்ல குணம்தான், இதைப் போக்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ஆனால் மறுப்பதற்கு முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லத்தான் வேண்டும் என்பதில்லை. "வீட்டில் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று ஓர் இரவு தள்ளிப் போட்டாலே, வந்த வேலையில் பாதி வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விடும். நான் மருத்துவமனையில் பணியாற்றிய காலத்தில் யார் கேட்டாலும் இரவுப் பணியை மாற்றிக்கொண்டு, ஐம்பது வயதில் இரத்த அழுத்த மாத்திரைக்கு வந்து சேர்ந்தவன். தாமதமாகக் கற்றதைச் சொல்கிறேன்.

மாமியாருடைய ஊசியை உங்கள் கணவர் போடக் கற்றுக்கொள்ள ஒரு மாலை போதும். ஊசி முனையைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும் என்று அவர் சொல்வார். என்னிடம் வந்த கணவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள், ஒருவரும் விழவில்லை. மாலை ஊசி அவருடையது, காலை ஊசி உங்களுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டின் 1951ஆம் ஆண்டு விடுப்புச் சட்டப்படி, ஓராண்டு பணி முடித்தவருக்குச் சம்பளத்துடன் 10 நாள் ஈட்டிய விடுப்பும், அதற்கு வெளியே ஆண்டுக்கு 6 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. தற்செயல் விடுப்பை ஒரே தடவையில் மூன்று நாளுக்கு மேல் எடுக்க முடியாது. சென்ற ஆண்டு எத்தனை நாள் எடுத்தீர்கள்? பிறருடைய கணக்கையெல்லாம் எழுதும் நீங்கள் இந்தக் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். எடுக்கும் நாளில் வீட்டைக் கழுவித் துடைக்கக் கூடாது என்பதை மருந்துச்சீட்டில் எழுதுவதுபோல எழுதித் தருகிறேன்.

கேள்வி: ஐயா, நான் மோல்மேனில் இருக்கிறேன், வயது 23. அண்ணன் மலேசியாவில் வேலை செய்து பணம் அனுப்புகிறான். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு படுத்தால் கட்டில் ஆடுவதுபோலவே இருந்தது, அது போய்விட்டது. ஆனால் இரவெல்லாம் கைபேசியில் செய்தி பார்க்கிறேன். எவ்வளவோ பேர் துன்பத்தில் இருக்கும்போது நண்பர்களோடு சிரித்துப் பேசினால் குற்றம் செய்ததுபோல் இருக்கிறது. இந்தக் காலத்தில் மகிழ்ச்சியாக இருக்க முயல்வது சரியா?

பதில்: தம்பி, சாகாயிங்கிலும் மாண்டலேயிலும் 7.7 அளவில் பூமி குலுங்கிய அந்தப் பகலுக்குப் பிறகு, வீடு இழக்காதவர்களும் உறக்கம் இழந்தார்கள். கட்டில் ஆடுவதுபோன்ற உணர்வு அப்போது பலருக்கும் இருந்தது. அது உள்காதும் அச்சமும் சேர்ந்து செய்யும் வேலை, நீங்கள் சொல்வதுபோலவே நாளடைவில் போய்விடும்.

குற்ற உணர்ச்சி அப்படித் தானாகப் போவதில்லை, ஏனென்றால் அதை நீங்கள் இரவுதோறும் ஊட்டி வளர்க்கிறீர்கள். இடிந்த வீட்டின் படத்தை இரவு இரண்டு மணிக்கு நாற்பதாவது முறை பார்ப்பதால், அந்த வீட்டுக்காரருக்கு ஒரு செங்கல்கூடக் கிடைப்பதில்லை. உங்களுக்குத்தான் மறுநாள் கை நடுங்குகிறது. செய்தியைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். மீதி நேரத்தில் உங்கள் துக்கத்துக்குக் கையும் காலும் கொடுங்கள். உடல் நலமாக இருந்தால் அரசு மருத்துவமனையின் இரத்த வங்கிக்குப் போய்க் கேளுங்கள். அண்ணன் அனுப்பும் பணத்தில் மாதம் ஒரு சிறு தொகையை, உங்களுக்கு நேரில் தெரிந்த ஒரு குடும்பத்துக்கென்று எடுத்து வையுங்கள். அந்த வேலை முடிந்த மாலையில் நண்பர்களோடு பந்து விளையாடுங்கள். கோயிலில் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வீட்டில்கூட நாம் பிள்ளைகளைச் சிரிக்கவிடாமல் வைப்பதில்லையே.

ஒரு கேள்வியை மட்டும் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, பசியில்லை, விடியற்காலையில் விழித்துவிடுகிறேன், இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்ற நிலை இருந்தால், இந்தப் பத்திரிகைப் பதில் உங்களுக்குப் போதாது. இன்றே வீட்டில் பெரியவர் ஒருவரிடம் சொல்லி, மருத்துவரை நேரில் பாருங்கள். அது மருந்தால் குணமாகும் நோய். வெட்கப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு, வேலை முடிந்து வரும்போது தேநீர்க்கடையில் நண்பர்களோடு இரண்டு மூன்று குவளை குடிப்பது வழக்கம். இரவு பன்னிரண்டு மணி வரை உறக்கம் வருவதில்லை. தேநீரை விட்டுவிட வேண்டுமா?

பதில்: தேநீரிலுள்ள காஃபீனில் பாதி உடம்பைவிட்டு வெளியேறவே ஐந்து மணி நேரம்போல ஆகும். ஏழு மணிக்குக் குடித்ததில் பாதி நள்ளிரவிலும் உங்களோடு விழித்திருக்கிறது. கட்டிப்பால் ஊற்றிய தேநீரை மாலை மூன்று மணிக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சர்க்கரையும் குறையும். கடைக்குப் போவதை மட்டும் நிறுத்த வேண்டாம். மேசையில் கூசாவில் வைக்கும் வெறும் பச்சைத் தேநீரிலும் காஃபீன் உண்டு, ஆனால் குறைவு. ஒரு குவளையை ஊற்றி வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை நண்பர்களோடு பேசிக்கொண்டிருங்கள்.